எல்லோரும் 'வருகிறேன்' என்று அழுத்திய கல்யாணம்

1

ஐம்பத்திரண்டு வயதில், என் மகள் வயதுப் பிள்ளைகள் நிறைந்த ஒரு வகுப்பில், கொடுத்த பயிற்சியை முதலில் முடித்தவன் நான்தான் என்று கை தூக்கினேன். தூக்கியது போதாதென்று, பக்கத்தில் இருந்த பெண் ஆச்சரியமாகப் பார்த்தபோது, "எல்லாம் அனுபவம்தான்" என்று வேறு சொன்னேன். ஆசிரியர் யூப் வந்து என் திரையைக் குனிந்து பார்த்தார். இருபத்தைந்து வயதிருக்கும் அவருக்கு. காதில் வளையம், முகத்தில் பாதிரியாரின் பொறுமை.

"எல்லா இடத்திலும் 'எனி' என்று போட்டிருக்கிறீர்கள்" என்றார்.

"ஆமாம். போட்டதும் பிழை காட்டுகிற சிவப்புக் கோடுகள் எல்லாம் போய்விட்டன."

"போகும். காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் திருட்டுப் புகாரும் வராது."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் இன்னும் மோசமாகத் தெரியும் என்கிற அளவுக்கு எனக்கும் அனுபவம் உண்டு.

இது என்ன படிப்பு என்று ஊரில் கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். போனில் ஒரு செயலியைத் திறந்தால் பெட்டிகளும் பொத்தான்களும் தெரிகின்றன அல்லவா? அந்த முகப்பைக் கட்டுகிற வேலை. அதை டைப்ஸ்கிரிப்ட் என்கிற மொழியில் எழுதச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த மொழியில் எந்தப் பொருளையும் பெயர் சொல்லி, வகை சொல்லித்தான் உள்ளே விட முடியும். இது எண், இது எழுத்து, இது ஆம் அல்லது இல்லை. பெட்டி மேல் திராட்சை என்று எழுதிவிட்டு உள்ளே தக்காளி வைத்தால், லாரியில் ஏற்றும்போதே பிடித்துவிடும். 'எனி' என்றால் 'எதுவோ ஒன்று, போகவிடு' என்று பொருள். மலைச்சாலைச் சாவடிகளில் கைக்குள் எதையோ அமுக்கிவிட்டுப் போவதற்குச் சமம். வண்டி போய்விடும். உள்ளே என்ன இருந்தது என்பது கோட்டயத்தில் இறக்கும்போதுதான் தெரியும்.

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லித் தர ஒரு டச்சுப் பையன் தேவைப்பட்டான்.

2

நெதர்லாந்துக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. டில்பர்க் என்கிற ஊரில், ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பழைய கணினிகளுக்குச் சேவகம் செய்துவந்தேன். அந்தக் கணினிகளை வழியனுப்பியபோது என்னையும் சேர்த்து வழியனுப்பிவிட்டார்கள். கணினிகளுக்காவது ஒரு கேக் வெட்டினார்கள்.

அதன் பிறகு வேலையற்றோர் அலுவலகம். அங்கே என் பொறுப்பாளர் மார்லீஸ். நல்ல அம்மாள். முதல் சந்திப்பில் அவளிடம் டச்சில் 'நான் வேலை தேடுகிறேன்' என்று சொல்வதாக நினைத்து 'வேலை என்னைத் தேடுகிறது' என்று சொல்லிவிட்டேன். "அப்படியா, இன்னும் கண்டுபிடிக்கவில்லை போலிருக்கிறதே" என்றாள். அவளே என்னை இந்த மறுபயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டாள். நிபந்தனையும் சொன்னாள். முடிவில் ஒரு செயலி செய்து காட்ட வேண்டும். நிஜமான மனிதர்கள் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். பார்க்க வருகிற நிறுவனங்களில் யாராவது கூப்பிட்டால் பிழைத்தேன். இல்லையென்றால் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் கிடங்கில் பொட்டலம் பிரிக்கும் வேலை காத்திருக்கிறது, எனக்கு முதுகு எப்படி இருக்கிறது என்று அன்பாகக் கேட்டாள்.

ஆகவே தினமும் மழையில் சைக்கிள். ரயில் நிலையத்தின் பின்னால் இருக்கிற கட்டடத்தின் மூன்றாவது மாடி. எட்டு மணி நேரம் சிவப்புக் கோடுகளுடன் வாக்குவாதம். மாலை வீட்டுக்கு வந்தால் என் மனைவி கலா முதியோர் இல்ல வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். வாசலில் வைத்து அவள் சொல்வது, "சோறு இருக்கு, ரசம் இருக்கு." நான் சொல்வது, "சரி." இதுவும் ஒருவகையில் வகைப் பாதுகாப்புள்ள உரையாடல். தவறே நேராது.

இந்த மொழியில் என்னை அதிகம் அசைத்துப் பார்த்தது ஒரே ஒரு எச்சரிக்கை. எந்தப் பொருளைத் தொட்டாலும், 'இது இல்லாமல் போகக்கூடும், அப்போது என்ன செய்வாய்?' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் எழுதாமல் அடுத்த வரிக்குப் போக முடியாது. இருபது வருடமாக ஊரிலிருந்து அகாலத்தில் வருகிற ஒவ்வொரு போனையும் எடுக்கும் முன்னால் நான் கேட்டுக்கொண்ட கேள்வி அது. அதற்கு இவர்கள் சான்றிதழ் கொடுக்கிறார்கள்.

மகள் நிலா இரண்டு மணி ரயில் பயணத்தில் இருக்கும் இன்னொரு ஊரில் கணினி படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் டச்சில் பதில் சொல்வாள், அதுவும் ஒரு வார்த்தையில். ஆனால் நான் எழுதும் நிரலை அவளுக்கு அனுப்பத் தொடங்கிய பிறகு ஓரத்தில் டச்சில் குறிப்புகள் எழுத ஆரம்பித்தாள். 'அப்பா, இது ஏன் இங்கே?' 'அப்பா, இந்தப் பெயர் எனக்குப் புரியவில்லை.' 'அப்பா, இங்கே பொய் சொல்கிறீர்கள், இது எண் இல்லை.' பத்து வருடத்தில் என் மகள் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. அதற்காகவே சில பிழைகளை நான் வேண்டுமென்று விட்டுவைத்தேன். மற்ற பிழைகள் சொந்தத் திறமையில் வந்தவை.

3

செயலிக்கு விஷயம் தேடிக்கொண்டிருந்தபோதுதான் ராசாத்தி அக்கா போன் செய்தாள். அவள் மகள் கார்த்திகாவுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது, உத்தமபாளையம் மண்டபத்தில். நான் பெண்ணுக்குத் தாய்மாமன். பேச்சோடு பேச்சாக அக்கா, "எத்தன எல விழுகும்னு சமையக்காரரு இப்பவே கேக்குறாரு. நானென்ன சோசியமா பாக்குறேன்?" என்றாள்.

"அக்கா, நான் ஒரு செயலி செஞ்சு தாரேன். எல்லாரும் போன்லயே வாரோம், வரலைன்னு சொல்லிரலாம்."

"எல்லாருமா? தேவாரத்துச் சித்தப்பாவுமா?"

"ஒரு பொத்தான்தான்க்கா. அமுக்குனாப் போதும்."

"அவுக காலிங் பெல்லையே அமுக்க மாட்டாக. வாசல்ல நின்னு ஏலேன்னு கத்துவாக. சரி, செய்யி. நீயும் என்னமோ பரீச்சைங்கிற."

வேலையில் இறங்கினேன். விருந்தாளி என்றொரு வகை. அவர் பெயர் எழுத்து. எத்தனை பேர் என்பது எண். அடுத்தது உறவுமுறை. இங்கே எனக்குக் கொஞ்சம் கர்வமே வந்தது. நம்மூரில் உலகம் இரண்டே வகை. ஒன்று பங்காளி, இன்னொன்று மாமன் மச்சான். அண்ணன் தம்பி முறையில் பெண் எடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள், எந்த மென்பொருளும் அவ்வளவு வேகமாகப் பிழை காட்டாது. இதைச் சொன்னபோது யூப் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் குடும்பத்தில் கை வைத்தபோதுதான் கர்வம் இறங்கியது. அக்காவைக் கட்டியவர் பரமன் மாமா. அவர் எங்கள் அம்மாவின் கடைசித் தம்பி. ஆகவே எனக்குத் தாய்மாமனும் அவரே, அக்கா புருஷனும் அவரே. நிலாவின் குறிப்பு வந்தது: 'அப்பா, ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்கிறார். பிழை.'

'பிழை இல்லை, குடும்பம்' என்று எழுதினேன்.

 பிறகு இன்னொரு குறிப்பு வந்தது. 'அப்படியென்றால் எனக்கு அவர் யார்?'

அத்தை புருஷன் என்ற வகையில் மாமா, அப்பாவின் தாய்மாமன் என்ற வகையில் தாத்தா என்று எழுதினேன். அவள் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு, இரண்டு வகையையும் ஒன்றாகக் கட்டுவது எப்படி என்று அவளே எழுதித் தந்தாள். அன்று ரசம் நன்றாக இருந்ததாக நினைவு.

4

கடைசிப் பெட்டி 'வருகிறீர்களா?' ஆம் அல்லது இல்லை. மூன்றாவது வழி கிடையாது. 'பார்ப்போம்' என்று ஒரு பொத்தான் வைக்கலாமா என்று யோசித்தேன். வைத்தால் பள்ளத்தாக்கு முழுவதும் அதைத்தான் அழுத்தும் என்பதால் வைக்கவில்லை. யூப் பாராட்டினார்.

செயலியின் முகவரியை அக்கா மகன் வாட்ஸாப்பில் அனுப்பினான். தேவாரம், மார்க்கையன்கோட்டை, அல்லிநகரம், கம்பம் என்று பதில்கள் கொட்டின. வகுப்பில் மற்றவர்கள் செய்த செயலிகளை அவரவர் அம்மாக்கள் மட்டுமே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். என்னுடையதைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார் யூப். பச்சை விளக்குகள். எல்லாமே 'ஆம்'.

எல்லாமே.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். குவைத்தில் இருக்கிறவன் ஆம். காலில் மாவுக்கட்டோடு கிடக்கிறவர் ஆம். அதே முகூர்த்தத்தில் தன் குடும்பத்திலேயே விசேஷம் வைத்திருக்கும் தேவாரத்துச் சுருளி சித்தப்பா ஆம், ஆறு பேர். அவருக்குப் போன் போட்டேன்.

"சித்தப்பா, அன்னைக்கு உங்க பேத்திக்குச் சடங்குல்ல?"

"ஆமப்பா. அல்லிநகரத்துல வச்சிருக்கோம்."

"அப்ப கல்யாணத்துக்கு வர மாட்டீக?"

"எப்பிடி வர? நான்தானப்பா அங்கன நிக்கணும்."

"பெறகு எதுக்கு ஆம்னு அமுக்குனீக?"

அவர் குரலில் நிஜமான வருத்தம் தெரிந்தது. "ஏலே, கல்யாணத்துக்கு இல்லன்னு அமுக்கச் சொல்றியா? நல்ல காரியத்துக்கு வாயில வராத வார்த்த வெரல்ல வருமா?"

"ஆறு பேருன்னு போட்டுருக்கீக."

"ஒருத்தர்னு போட்டா ஒங்கக்கா வருத்தப்பட மாட்டாளா?"

 அவரே தொடர்ந்தார்.

"அதுவுமில்லாம, யாரு வந்து எங்கள அழைச்சா? புருசனும் பொண்டாட்டியுமா வந்து, வெத்தல பாக்கு வச்சு, வாங்கன்னு சொல்லணும். நீ போன்ல பொம்மய அனுப்பிச்சிட்டு எல போட்டாச்சு வாங்கங்கிற."

ஆக, என் செயலியில் வகைப்பிழை ஒன்றும் இல்லை. ஆம் என்கிற இடத்தில் ஆம் சரியாகத்தான் இருந்தது. அத்தனையும் பொய் என்பதைக் கண்டுபிடிக்கும் வசதி அந்த மொழியில் இல்லை. செயல்விளக்கத்துக்கு இன்னும் மூன்று வாரம். பார்க்க வருகிற யாராவது, 'இவர்களில் எத்தனை பேர் வந்தார்கள்?' என்று கேட்டால் தீர்ந்தது. கிடங்கும் என் முதுகும் நினைவுக்கு வந்தன.

இன்னொரு பெட்டி சேர்த்தேன். 'உங்கள் வீட்டுக்கு வந்து அழைத்தாயிற்றா? யார் வந்தார்கள்?' இதற்கு வகை எதுவும் வைக்கவில்லை, விருப்பம்போல் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

இந்தக் கேள்விக்கு ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. 'இன்னும் யாரும் வரவில்லை.' 'பரமன் மாப்பிள்ளை மட்டும் வந்தார், ராசாத்தி வரவில்லை, என்ன வருத்தமோ.' 'பக்கத்து வீட்டுக்கு வந்தாக, எங்க வாசல்ல செருப்புக்கூடக் கழட்டல.' 'பத்திரிகையில் எங்க வீட்டுக்காரர் பேர் கீழ இருக்கு.' கம்பத்திலிருந்து அம்மாவின் சித்தி மகள் ஒருத்தி, தன் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து யார் யார் வரவில்லை என்பதைத் தேதி வாரியாக எழுதியிருந்தாள். அந்தப் பெட்டியில் எத்தனை எழுத்து கொள்ளும் என்று நான் வைத்திருந்த வரம்பை அவளுக்காக இருமுறை உயர்த்தினேன்.

எல்லாவற்றையும் அக்காவுக்கு அனுப்பினேன். பதிலாக வந்தது போன்.

"சும்மா கெடந்த சங்க ஊதிவிட்டியேடா. கேக்காம இருந்திருந்தா மனசுக்குள்ளயே வச்சிருந்திருப்பாக. இப்ப எழுதி வேற குடுத்துட்டாக. நானும் ஒங்க மாமாவும் ரெண்டாந்தடவ வீடு வீடா ஏறி எறங்குறோம். எனக்கு முட்டி தேஞ்சுபோச்சு."

"ஆட்டோ வச்சுக்கங்கக்கா."

"ஆட்டோ வீட்டுக்குள்ள வருமா? படியேறி ஆத்தா வாங்க, அய்யா வாங்கன்னு ஆட்டோவா சொல்லும்?"

5

நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. இதைத் தள்ளித் தள்ளி இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. செயல்விளக்கம் திங்கட்கிழமை காலை. தேதியை மாற்றித் தரச் சொல்லி அலுவலகத்துக்கு எழுதினேன். 'தாய்மாமன்' என்பதை எப்படி டச்சில் சொல்வது என்று ஒரு மாலை முழுவதும் யோசித்து, 'பெண்ணின் அம்மாவுடைய சகோதரன், சடங்குகளில் இன்றியமையாதவன்' என்று எழுதினேன். பதில் கடிதம் பண்பாக இருந்தது. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரின் திருமணத்துக்கு மட்டுமே தேதி மாற்றம் உண்டு. உடன்பிறந்தவரின் பிள்ளைகள் அந்த வகையில் வரமாட்டார்கள். வராதவர்கள் பயிற்சியைத் தாங்களாகவே கைவிட்டதாகக் கொள்ளப்படும்.

வகைகளைப் பற்றி இவ்வளவு படித்துவிட்டு, அதை எதிர்த்து வாதாட எனக்குத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே சோபாவில் உட்கார்ந்து, அக்கா மகன் தூக்கிப் பிடித்த போன் வழியாகக் கல்யாணம் பார்த்தேன். கலா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, சீருடையோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். தாய்மாமன் போட வேண்டிய மாலையை என் சித்தப்பா மகன் ஒருவன் போட்டான். மாலையைத் திருப்பிப் பிடித்திருந்தான். யாரோ சரி செய்தார்கள். கார்த்திகா ஒருமுறை போனைப் பார்த்துக் கையாட்டினாள், அல்லது போனுக்குப் பின்னால் நின்ற வேறு யாருக்கோ.

"ஒங்கள விட அவன் ஒசரம். போட்டோவுல நல்லா விழும்" என்றாள் கலா. ஆறுதல் சொல்கிறாளாம்.

அக்கா மகனிடம், யார் யார் வந்திருக்கிறார்கள் என்று காட்டச் சொன்னேன். பந்தி நடுவே நடந்தான். ஒவ்வொரு முகமாகப் பட்டியலோடு ஒப்பிட்டேன். அப்போது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. வெறுமனே 'ஆம்' என்று அழுத்திவிட்டு அமைதியாக இருந்தவர்களில் பாதிப் பேரைக் காணோம். குறை எழுதியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வாசலில் செருப்புக் கழற்றவில்லை என்றவர் முதல் பந்தியில் இருந்தார். தேதி வாரியாக எழுதிய கம்பத்துக்காரி மணமேடையில் அக்காவுக்குப் பக்கத்தில் நின்று, புகைப்படக்காரரை விரட்டிக்கொண்டிருந்தாள். வர நினைக்காதவனுக்கு வருத்தம் எதற்கு? அழைக்கவில்லையே என்று பொருமுகிறவன், புறப்படுவதற்குச் சட்டை தேய்த்து வைத்துவிட்டுத்தான் பொருமுகிறான்.

6

திங்கட்கிழமை காலை வந்தவர்களில் மிர்யாம் என்றொரு பெண்மணி. கண்ணாடிக் குடில்களில் மிளகாயும் தக்காளியும் வளர்க்கிற விவசாயிகளுக்குச் செயலி செய்யும் சின்ன நிறுவனம் அவளுடையது. என் திரையின் முன்னால் நின்றாள். பட்டியலின் முதல் வரியில் மட்டும் ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் இருந்தது, அதைத் தொட்டாள்.

"இது உங்கள் பெயர்தானே? வருகிறேன் என்று பச்சை விளக்கு எரிகிறது."

செயலி வேலை செய்கிறதா என்று பார்க்க முதன்முதலில் நான் போட்ட பதிவு அது. அழிக்கவே இல்லை.

"ஆமாம்."

"கல்யாணம் எப்போது?"

"நேற்று."

அவள் என்னைப் பார்த்தாள். நான் நேற்று இந்தியாவில் இல்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்கும். தூங்காத முகம்தான், ஆனால் விமானத்தில் தூங்காத முகம் இல்லை. பின்னால் யூப் மெல்ல இருமினார். மழுப்ப ஒரு வாக்கியம் டச்சில் தயாராக இருந்தது, சோதனைத் தரவு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். கிடங்கை நினைத்துக்கொண்டே, சொல்லாமல் விட்டேன்.

"எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு இல்லை என்று அழுத்த முடியாது" என்றேன். "இந்த நெடுவரிசையில் இருக்கும் ஆம் எதையும் நம்பாதீர்கள். என்னுடையது உட்பட. அடுத்த நெடுவரிசையைப் பாருங்கள். அங்கே குறை சொன்னவர்கள் அத்தனை பேரும் வந்தார்கள்."

அவள் அந்தக் குறைகளை ஒவ்வொன்றாக மொழிபெயர்க்கச் சொன்னாள். செருப்பைச் சொன்னேன். பத்திரிகையில் கீழே போன பெயரைச் சொன்னேன். தன் விவசாயிகளும் எல்லாப் பெட்டியிலும் 'திருப்தி' என்று அழுத்திவிட்டு மறுவருடம் காணாமல் போகிறார்கள் என்றாள். சிரிக்கவில்லை. ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனாள். 

புதன்கிழமை கடிதம் வந்தது. மிர்யாம் வேலைக்கு வரச் சொல்லியிருந்தாள். நிலாவுக்கு அனுப்பினேன். அவள் டச்சில் வாழ்த்திவிட்டு, கீழே தமிழ் எழுத்தில், பிழையோடு, 'சூப்பற் அப்பா' என்று எழுதியிருந்தாள். நான் திருத்தவில்லை.

அக்காவுக்குப் போன் போட்டேன். கல்யாணக் களைப்பில் குரல் கட்டியிருந்தது. வேலை கிடைத்துவிட்டது என்றேன். சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்றாள். பின்னால் மாமாவைக் கூப்பிட்டு, "ஏங்க, தம்பிக்கு வேல கெடச்சிருச்சாம்" என்றாள். பிறகு என்னிடம், "சம்பளம் எம்புட்டு?" என்றாள்.

"முதல் ரெண்டு மாசம் சும்மாதான்க்கா. வேல செஞ்சு காட்டணும். புடிச்சிருந்தாத்தான் சம்பளம்."

 அக்கா பாத்திரம் அடுக்குகிற சத்தம் கேட்டது.

"சம்பளமில்லாத வேலைதான்னா சொல்லியிருக்கலாமேடா" என்றாள். "இங்கன மண்டபத்துல எல எடுக்க ஆளில்லாமத்தான தவிச்சோம்."